கனடாவுக்குக் குடிபெயர்வோர் வீட்டுப் பொருட்களைச் சுங்கத்திலிருந்து விடுவிப்பது எப்படி

வீட்டுச் சாமான்களைக் கப்பலில் ஏற்றிவிட்டுக் கனடாவுக்குக் குடிபெயரும் குடும்பங்கள், சுங்கத்தைப் பற்றிய கவலையைப் பெரும்பாலும் பெட்டிகள் டொராண்டோ வந்து சேரும் நாளுக்குத் தள்ளி வைத்துவிடுகின்றன. அன்றைக்குச் செய்யக்கூடியது மிகக் குறைவு. எந்தப் பொருளுக்கு வரி உண்டு, எதற்கு இல்லை என்பதைப் பெரிதும் முடிவு செய்வது, சென்னையில் பேக்கிங் ஆட்கள் வாசலில் வந்து நிற்பதற்கு முன்பே நீங்கள் உட்கார்ந்து எழுத வேண்டிய ஒரு பட்டியல்தான். அந்தப் பட்டியல் சரியாக இருந்தால் அங்கே நடக்கும் வேலை பெரும்பாலும் ஒரு முத்திரையோடு முடிந்துவிடும். ஆகவே இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி புறப்படுவதற்கு முந்தைய வேலைகளைப் பற்றியதாகவே இருக்கிறது. கனடா பற்றிய விதிகள் கொழும்பிலிருந்தோ துபாயிலிருந்தோ செல்பவர்களுக்கும் பொருந்தும்; தொல்பொருள், வனவிலங்கு பற்றி இங்குச் சொல்லப்படும் இந்தியச் சட்டங்கள் இந்தியாவிலிருந்து அனுப்புபவர்களுக்கு உரியவை.

முதலில், வரிவிலக்கு யாருக்கு என்பதைப் பார்க்க வேண்டும். கனடிய எல்லைச் சேவை முகமை, அதாவது சிபிஎஸ்ஏ, முதன்முறையாகக் கனடாவில் குறைந்தது 12 மாதங்களுக்கு வீடமைத்து வாழும் எண்ணத்துடன் வருபவரைக் குடியேறி என்ற வகையில் சேர்க்கிறது. நிரந்தரக் குடியுரிமை பெற்று வருபவர்கள் இயல்பாகவே இதில் அடங்குவர். ஆனால் படிப்பதற்காக வரும் மாணவர்களும், 36 மாதங்களுக்கு மேற்படாத தற்காலிக வேலைக்காக வருபவர்களும் இந்த வகையில் வரமாட்டார்கள். அவர்கள் தற்காலிகமாகத் தங்குபவர்கள் என்ற முறையில் தங்கள் சொந்தப் பொருட்களை வரியின்றிக் கொண்டுவரலாம் என்றாலும், நாட்டை விட்டுப் போகும்போது அவற்றைத் திரும்ப எடுத்துச் செல்ல வேண்டும் என்ற நிபந்தனை உண்டு. வேலை அனுமதியில் செல்பவர்கள், கண்டெய்னருக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் தாங்கள் எந்த வகை என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. இரண்டு வகைக்கும் நடைமுறை வேறு.

குடியேறிகளுக்கான விலக்கு மூன்று நிபந்தனைகளின் மேல் நிற்கிறது. நீங்கள் கனடாவில் கால் வைப்பதற்கு முன்பே அந்தப் பொருள் உங்களுக்குச் சொந்தமாக இருந்திருக்க வேண்டும்; உங்கள் கைவசம் இருந்திருக்க வேண்டும்; நீங்கள் அதைப் பயன்படுத்தியும் இருக்க வேண்டும். முதல் இரண்டில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. மூன்றாவதில்தான் நம்மவர்கள் தடுமாறுகிறார்கள். ஏனென்றால் வெளிநாடு போகிறோம் என்றவுடன் புதுப் பாத்திரம், புதுப் போர்வை, புதுப் பட்டுப்புடவை என்று வாங்கிக் குவிப்பது நம் வழக்கம். விலைச்சீட்டுகூடக் கிழிக்காத பொருள் பயன்படுத்திய பொருள் ஆகாது. அதற்குச் சுங்கவரி இருந்தால் அதுவும், அதற்கு மேல் விற்பனை வரியும் கட்ட வேண்டிவரும்; டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்தில் அந்த விற்பனை வரி 13 சதவீதம்.

வெட் கிரைண்டரையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். கனடாவில் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். அதனால் வெளிநாட்டுக்கென்றே செய்யப்படும் 110 வோல்ட் கிரைண்டரைப் புறப்படுவதற்கு முன்பு வாங்கிப் பெட்டியில் வைப்பவர்கள் பலர். டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் அந்த இயந்திரத்தைச் சென்னையில் ஓட்டவே முடியாது. அதைப் "பயன்படுத்தியது" என்று பட்டியலில் எழுதினால், சுங்க அதிகாரி பின்பக்கத் தகட்டைத் திருப்பிப் பார்த்த உடனே பட்டியல் முழுவதன் மீதும் நம்பிக்கை போய்விடும். அதைப் புதியது என்று தனியாக எழுதி, பில்லையும் வைத்துக்கொண்டு, கேட்கிற வரியைக் கட்டிவிடுவதே சரி. ஒரு கிரைண்டருக்கான வரி பெரிய தொகை அல்ல. பட்டியலில் உண்மையாக எழுதப்பட்ட அந்த ஒரு குறிப்பு, மற்றப் பொருட்களைப் பற்றி நீங்கள் எழுதியதையும் அதிகாரி நம்புவதற்குத் துணைபுரியும்.

புதுமணத் தம்பதிகளுக்கு மட்டும் இதில் ஒரு தளர்வு இருக்கிறது. கனடாவுக்கு வருவதற்கு முந்தைய மூன்று மாதங்களுக்குள் திருமணம் நடந்திருந்தாலும், வந்த பிறகு மூன்று மாதங்களுக்குள் நடக்க இருந்தாலும், திருமணப் பரிசுகளைப் பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பொருந்தாது. வருவதற்கு முன்பே அவை உங்களுக்குச் சொந்தமாகிக் கைவசம் இருந்தால் போதும். மணப்பெண்ணுக்குப் பிறந்த வீட்டார் கொடுத்தனுப்பும் வீட்டுப் பொருட்களுக்கும் இதே சலுகை உண்டு. சீர்வரிசையாக வந்த பாத்திரங்களையும் கட்டில் விரிப்புகளையும் இதன்கீழ் காட்டலாம். ஆனால் நடைமுறையில் திருமணத்துக்குப் பிறகு துணைவருக்கான குடியேற்ற அனுமதி வருவதற்குள் மூன்று மாதம் எளிதாகக் கடந்துவிடுகிறது. அப்படிக் கடந்துவிடும் என்று தெரிந்தால், சீர்ப் பாத்திரங்களைப் பரண்மேல் பத்திரப்படுத்தாமல் எடுத்துப் புழங்கிவிடுங்கள். அம்மாக்களுக்கு மனம் ஒப்பாதுதான். எனினும் விதி புழங்கிய பாத்திரத்தின் பக்கமே இருக்கிறது.

இனிப் பட்டியலுக்கு வருவோம். கனடா கேட்கும் படிவத்தின் பெயர் பிஎஸ்எஃப் 186. முன்பு இது பி4 எனப்பட்டது. பொருட்களின் விவரம் நீண்டால் எழுதுவதற்கு பிஎஸ்எஃப் 186ஏ என்ற தொடர் தாள் இருக்கிறது. இரண்டையும் சிபிஎஸ்ஏ இணையதளத்திலிருந்து இறக்கி ஊரிலேயே நிரப்பிக்கொள்ளலாம். இதில் இரண்டு பகுதிகளாகப் பொருட்களைப் பிரிக்க வேண்டும்: விமானத்தில் உங்களுடன் வருபவை ஒன்று, கப்பலில் பின்னால் வருபவை இன்னொன்று. ஒவ்வொன்றுக்கும் கனடிய டாலரில் மதிப்பு எழுத வேண்டும். இயலும் இடத்தில் தயாரிப்பாளர் பெயர், மாடல், வரிசை எண் ஆகியவற்றையும் எழுத வேண்டும். மதிப்பு என்பது கடையில் கொடுத்த விலை அல்ல, இன்றைய நிலையில் அந்தப் பழைய பொருள் என்ன பெறும் என்பதே. ஐந்து வருடம் ஓடிய மிக்சிக்குப் புது விலை எழுதாதீர்கள். அதற்காக எல்லாவற்றையும் ஒரு டாலர் என்று எழுதுவதும் தவறு.

பேக்கர்ஸ் கொடுக்கும் பேக்கிங் லிஸ்டையே சுங்கத்துக்கும் கொடுத்துவிடலாம் என்று எண்ணுபவர்கள் அதிகம். அந்த லிஸ்டில் "பெட்டி 14, சமையலறைச் சாமான்" என்று ஒற்றை வரிதான் இருக்கும். அதைப் படிக்கும் அதிகாரிக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதே தெரியாது. தெரியாத பெட்டியைத் திறந்து பார்ப்பது அவருடைய கடமை. அதே பெட்டிக்கு, "எவர்சில்வர் பாத்திரங்கள் 22, பயன்படுத்தியவை, 60 டாலர், பிரஷர் குக்கர் 5 லிட்டர், 2019இல் வாங்கியது, 20 டாலர், பித்தளைக் குத்துவிளக்கு ஒரு ஜோடி, 2011இல் வாங்கியவை, 80 டாலர்" என்று எழுதியிருந்தால் அவர் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு ஏற்கெனவே பதில் கிடைத்துவிடுகிறது. பெட்டி எண்கள் இரண்டு பட்டியலிலும் ஒன்றாக இருக்க வேண்டும். பேக்கிங் நடக்கும் நாளில் குடும்பத்தில் ஒருவர் வேறு எந்த வேலையையும் எடுத்துக்கொள்ளாமல் ஒவ்வொரு பெட்டி மூடப்படும்போதும் பக்கத்தில் நின்று எண்ணையும் உள்ளடக்கத்தையும் குறித்து, மூடுவதற்கு முன் கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொண்டால், பின்னால் இன்சூரன்ஸ் கோருவதற்கும் அதுவே ஆதாரமாகும். உங்கள் பட்டியலில் எதையாவது விட்டுவிட்டால் பின்பு சேர்ப்பது கடினம் என்பதால், சந்தேகமான பொருளையும் எழுதிவிடுவதே மேல்.

நகைகளைக் கண்டெய்னரில் வைக்கவே கூடாது. கையோடு கொண்டுபோக வேண்டும். பட்டியலில் "தங்கச் சங்கிலி ஒன்று" என்று எழுதினால் போதாது. மதிப்பீட்டாளர் கொடுத்த சான்றில் உள்ள விவரிப்பு, எடை, புகைப்படம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். இந்தியாவை விட்டுப் புறப்படும்போது விமான நிலையத்தில் இந்தியச் சுங்கத்திடம் நகைகளுக்கு ஏற்றுமதிச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை ஊருக்குத் திருமணத்துக்கு வரும்போது அதே நகைக்கு வரி கேட்கப்படாமல் இருக்க அந்தச் சான்று உதவும். 10,000 கனடிய டாலருக்குச் சமமாகவோ அதற்கு மேலோ பணம் கையில் இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும். அறிவித்தால் அதற்கு வரி ஏதும் இல்லை.

பெட்டியில் வைக்கக் கூடாதவற்றில், சட்டச் சிக்கல் மிக அதிகமாக வருவது பழைய பொருட்களால்தான். 1972ஆம் ஆண்டின் தொல்பொருட்கள், கலைப் பொக்கிஷங்கள் சட்டத்தின்படி, நூறு ஆண்டுகளுக்குக் குறையாத பழமையுள்ள சிலைகள், ஓவியங்கள், கைவினைப் பொருட்கள் போன்றவற்றைத் தனியார் இந்தியாவிலிருந்து வெளியே கொண்டுபோக முடியாது. வரலாற்று, இலக்கிய மதிப்புள்ள கையெழுத்துப் பிரதிகளுக்கு அந்த வரம்பு 75 ஆண்டுகள். கொள்ளுத்தாத்தா காலத்துத் தஞ்சாவூர் ஓவியமும், பூஜையறையில் இருக்கும் பழைய ஐம்பொன் விக்கிரகமும், பெட்டியடியில் கிடக்கும் ஏட்டுச்சுவடியும் இந்தச் சட்டத்துக்குள் வரக்கூடியவை. குடும்பச் சொத்து என்பது ஒரு விலக்கு ஆகாது. பார்வைக்குப் பழமையாகத் தோன்றினாலும் உண்மையில் நூறாண்டு ஆகாத பொருளாக இருந்தால், இந்தியத் தொல்லியல் துறையிடம் அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழைப் பெற வேண்டும். சென்னை வட்டத்துக்கான அலுவலகம் புனித ஜார்ஜ் கோட்டையில் இருக்கிறது. பொருளைப் பல கோணங்களில் படமெடுத்து, அளவுகளுடன் விண்ணப்பித்து, வல்லுநர்கள் பார்வையிட்ட பிறகே சான்று கிடைக்கும் என்பதால், பயணத் தேதிக்கு வெகு முன்னதாகவே இந்த வேலையைத் தொடங்க வேண்டும். சுவாமிமலையில் வார்த்த புதிய வெண்கலச் சிலைக்கோ பூம்புகார் விற்பனை நிலையத்தில் வாங்கிய நடராசருக்கோ, வாங்கிய பில் மிக முக்கியமான ஆதாரம், அதைத் தொலைத்துவிடாதீர்கள். நூறாண்டைக் கடந்த பொருளை ஊரிலேயே உறவினர் வீட்டில் வைத்துவிட்டுப் போவதைத் தவிர வேறு வழியில்லை. அது வருத்தம் தருவதுதான். ஆனால் நம் கோயில்களிலிருந்து எத்தனை சிலைகள் கடல் கடந்து போயின என்பதை அறிந்தவர்கள் இந்தச் சட்டத்தின் மீது கோபப்பட மாட்டார்கள்.

வீணை வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பழைய தஞ்சாவூர் வீணைகளின் விளிம்புகளில் யானைத் தந்தமோ மான் கொம்போ பதித்திருப்பார்கள். இரண்டும் இந்திய வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. அவற்றுடன் வீணையை ஏற்றுமதி செய்ய முயன்றால் வீணையே பறிமுதலாகலாம். பதித்திருப்பது பிளாஸ்டிக்கா கொம்பா என்று கருவி செய்பவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். மரச்சாமான்களில் ஈட்டி எனப்படும் தோதகத்தி மரத்துக்குத் தனிக் கட்டுப்பாடு உண்டு. அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய சர்வதேச உடன்படிக்கை 2017 முதல் அந்த மர இனம் முழுவதையும் கண்காணிப்புக்குள் கொண்டுவந்தது. பத்துக் கிலோவுக்கு மேற்பட்ட மரமுள்ள சாமான்களுக்கு அனுமதிச் சான்று தேவைப்படும். ஒரு கட்டிலே அந்த எடையைத் தாண்டிவிடும். தேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை.

சென்னையில் ஓடிய காரையோ ஸ்கூட்டரையோ கொண்டுபோகும் எண்ணத்தைப் பொதுவாக விட்டுவிடலாம். கனடியப் பாதுகாப்புத் தரத்துக்கு ஏற்பச் செய்யப்படாத வாகனம் 15 ஆண்டுகளைக் கடந்ததாக இருந்தாலன்றி அங்கே நுழைய முடியாது. தொழிலுக்குப் பயன்படுத்திய இயந்திரங்களும் வீட்டுப் பொருட்களாகக் கருதப்படா. மதுவும் புகையிலையும் கண்டெய்னரில் வேண்டாம்.

உணவுப் பொருட்களைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: அரிசி, பருப்பு, விதை, ஊறுகாய், கருவாடு என்று எதையும் கப்பல் பெட்டியில் வைக்காதீர்கள். தானியங்களைத் தின்று அழிக்கும் கப்ரா வண்டு இந்தியத் துணைக்கண்டத்தைச் சேர்ந்தது. அது தங்கள் நாட்டுக்குள் நுழைந்துவிடக் கூடாது என்பதில் கனடிய உணவு ஆய்வு முகமை மிகவும் கண்டிப்பாக இருக்கிறது. ஒரு மூட்டைப் பருப்புக்காக முழுப் பெட்டிகளும் சோதனைக்குப் போவது பெரும் நட்டம். டொராண்டோவைச் சுற்றியுள்ள தமிழ்க் கடைகளில் இவை எல்லாமே கிடைக்கின்றன. மண்ணும் அதே அளவுக்கு அபாயமானது. தோட்டத்துக் கடப்பாரை, மண்வெட்டி, விளையாட்டுக் காலணி ஆகியவற்றைத் தேய்த்துக் கழுவி வெயிலில் காயவைத்துத்தான் கட்ட வேண்டும். அம்மி, ஆட்டுக்கல் கொண்டுபோகிறவர்கள் குழவியின் குழியிலும் கல்லின் அடிப்பக்கத்திலும் ஒட்டியிருக்கும் மண்ணைப் பிரஷ் கொண்டு சுரண்டி எடுக்க வேண்டும். பல வருடம் கொல்லையில் கிடந்த கல்லின் அடிப்பக்கம் எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

ஆட்டுக்கல் போன்ற கனமானவற்றுக்கு மரக்கூடு அடிப்பார்கள். அந்த மரத்தைக் கட்டாயம் பாருங்கள். ஐஎஸ்பிஎம் 15 என்ற சர்வதேச விதிப்படி பதப்படுத்திய மரத்தில்தான் கூடு அமைய வேண்டும். அப்படிப் பதப்படுத்திய பலகையில் கோதுமைக் கதிர் போன்ற ஒரு சின்னமும், நாட்டுக் குறியீடும், சூட்டால் பதப்படுத்தியிருந்தால் எச்டி என்ற எழுத்துகளும் சூடு போட்டது போல் பதிந்திருக்கும். முத்திரையில்லாத மரம் போய்ச் சேர்ந்தால் அதைத் திருப்பி அனுப்பச் சொல்லலாம். அந்தச் செலவு உங்களுடையது. கூடு அடிக்கும் நாளில் அந்த முத்திரையையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஏற்றுமதி ஆவணங்களில் நம்மவர்களுக்கென்றே உள்ள ஒரு சிக்கல் பெயர். தந்தை பெயரின் முதலெழுத்தை இனிஷியலாக வைத்துக்கொள்ளும் நம் வழக்கத்தால் பலரின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும். அப்படிப்பட்டவர்களின் சொந்தப் பெயரைக் கனடியக் குடியேற்றத் துறை குடும்பப் பெயர்க் கட்டத்தில் பதிவு செய்கிறது. ஷிப்பிங் நிறுவனம் வேறு ஒரு முறையில், இனிஷியலோடோ தந்தை பெயரை விரித்தோ எழுதினால், பில் ஆஃப் லேடிங் எனப்படும் கப்பல் சரக்கு ரசீதில் இருப்பவரும் கவுன்டரில் நிற்பவரும் ஒருவரே என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்கள் தலையில் விழும். வரைவு பில் அனுப்பப்படும்போதே பாஸ்போர்ட்டையும் நிரந்தரக் குடியுரிமை உறுதிப்பத்திரத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிட்டுத் திருத்தச் சொல்லுங்கள். கப்பல் கிளம்பிய பிறகு திருத்தினால் கட்டணம் உண்டு.

நீங்கள் போய் இறங்கும் முன் பெட்டிகள் போய்ச் சேரக் கூடாது. சென்னையிலிருந்து டொராண்டோவுக்குப் பெட்டிகள் பொதுவாக இரண்டு மாதத்தை ஒட்டி எடுத்துக்கொள்ளும் என்பதால், உங்கள் விமானத்துக்கு ஓரிரு வாரம் முன்போ பின்போ கப்பலில் ஏற்றுவது பொருத்தமாக இருக்கும்.

விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரியைப் பார்த்து முடித்ததும் நேராக வெளியே போய்விடாதீர்கள். சுங்கக் கவுன்டரில், பின்னால் பொருட்கள் வரவிருக்கின்றன என்று வாயால் சொல்லி, பிஎஸ்எஃப் 186 படிவத்தையும் பட்டியலின் இரண்டு பிரதிகளையும் கொடுக்க வேண்டும். கையில் வெறும் இரண்டு சூட்கேஸ் மட்டும் இருந்தாலும், நிரந்தரக் குடியுரிமையைப் பதிவு செய்துவிட்டு உடனே ஊர் திரும்பும் எண்ணத்தில் வந்திருந்தாலும், பட்டியலை முதல் வருகையிலேயே கொடுத்தாக வேண்டும். அதிகாரி படிவத்தில் எண்ணிட்டு முத்திரை வைத்து ஒரு பிரதியைத் திருப்பிக் கொடுப்பார். கப்பலில் வரும் அத்தனை பொருளுக்கும் வரிவிலக்குக் கோருவதற்கு அந்தத் தாளே அடிப்படை. நள்ளிரவில் குழந்தைகளோடு களைத்து இறங்குகிறவர்கள் இந்த ஒரு கவுன்டரைத் தவறவிடுவது எளிது என்பதால், படிவத்தைப் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஒரே உறையில் வைத்திருங்கள்.

கண்டெய்னர் ஹாலிஃபாக்ஸ், மான்ட்ரியல் அல்லது மேற்குக் கரைத் துறைமுகம் ஒன்றில் இறங்கி, பெரும்பாலும் ரயிலில் டொராண்டோ பகுதிக்கு வந்து, சுங்கக் கட்டுப்பாட்டில் உள்ள கிடங்கு ஒன்றில் வைக்கப்படும். அங்கிருந்து வருகை அறிவிப்பு வந்தவுடன் உங்கள் சரக்கை அடையாளம் காட்டும் சரக்குக் கட்டுப்பாட்டு எண் உள்ள ஆவணத்தை வாங்கிக்கொண்டு, முத்திரையிட்ட பிஎஸ்எஃப் 186, பாஸ்போர்ட், குடியுரிமை ஆவணம், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் ஆகியவற்றுடன் அந்தக் கிடங்குக்குரிய சிபிஎஸ்ஏ அலுவலகத்துக்கு நீங்களே நேரில் போவது நல்லது. சுங்கப் புரோக்கரை வைத்தும் செய்யலாம், ஆனால் கேள்வி கேட்டால் பதில் சொல்லக்கூடியவர் அந்த வீட்டில் வாழ்ந்தவர்தான். அதிகாரி விடுவிப்பு முத்திரை வைத்தால் அதைக் கிடங்கில் காட்டிக் கட்டணங்களைச் செலுத்திப் பெட்டிகளை எடுக்கலாம். கிடங்கில் இலவச நாட்கள் மிகச் சில; அதன் பிறகு ஒவ்வொரு நாளுக்கும் வாடகை ஏறும், பொதுவாக 40 நாட்களுக்கு மேல் அங்கே வைத்திருக்கவும் முடியாது. சோதனைக்கு எடுத்தால் சிபிஎஸ்ஏ கட்டணம் கேட்காது என்றாலும், கண்டெய்னரை நகர்த்துவது, இறக்குவது, மறுபடி ஏற்றுவது ஆகியவற்றின் கூலி உரிமையாளர் தலையில்தான் விழும். அந்தத் தொகைக்குக் கொஞ்சம் பணத்தைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டுத்தான் மூவர்ஸிடம் விலை பேச வேண்டும். "வீட்டு வாசல் வரை" என்று சொல்லும் விலையில் சேருமிடத்து முனைய (டெர்மினல்) கட்டணமும் சோதனைச் செலவும் அடங்குமா என்பதை எழுத்தில் கேளுங்கள்.

பெட்டிகள் வீட்டுக்கு வந்ததும் எண்களைப் பட்டியலோடு சரிபார்த்து, நசுங்கியோ பிரிந்தோ இருப்பவற்றை டெலிவரிச் சீட்டிலேயே எழுதிய பிறகு கையெழுத்திடுங்கள். வரிவிலக்கில் வந்த பொருளை முதல் 12 மாதங்களுக்குள் விற்றாலோ வேறு ஒருவருக்குக் கொடுத்தாலோ அதற்குரிய வரியை உடனே கட்ட வேண்டும் என்பதால், இடம் போதவில்லை என்று சோபாவை விளம்பரம் செய்வதற்கு முன் தேதியைப் பாருங்கள். பட்டியலில் எழுதிய சில பொருட்கள் இன்னும் ஊரில் இருந்து அடுத்த தவணையில் வருவதானால், அவற்றையும் அதே பிஎஸ்எஃப் 186 பிரதியைக் காட்டியே விடுவிக்க வேண்டியிருக்கும். முத்திரையிட்ட அந்தப் பிரதியைக் கிடங்கில் விட்டுவிடாமல் கேட்டு வாங்கி வாருங்கள்.